சோலைவரி கட்டும் வாடகைக் குடிகள்

(கொழும்பில் வரியிறுப்பாளர் கூட்டமொன்றிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் இக்கூட்டத்திலே அகப்பட்டுக்கொண்ட கமக்கார அன்பர்களே,



தாய்மார்களே என்று விளித்தோம். இச்சொல்லை நாவினாற் சொல்வது எளிது. இந்நாட்டிலே அதைத் தமிழில் எழுதுவிப்பதுதான் கடினம். சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பேருந்து ஒன்றிலே, கர்ப்பிணித் தாய்மார்க்கென ஒதுக்கிய ஆசனத்தின்மேல் எழுதப்பட்ட தமிழில், தகரம் நகரமாகித் தாய்மார் நாய்மாராயினர். அதன் படம் நாடெங்கும் உலாவிற்று. பார்த்தவர் அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, எழுதுவித்தவருக்கும் தெரியாது, அது போகட்டும். அந்தப் பேருந்திலே தமிழ் தெரிந்தவர்களும் ஏறியிருப்பர் அன்றோ? அந்த எழுத்தின் கீழேயே அமர்ந்து, இறங்குமிடம் வந்ததும் இறங்கிப் போனவர் எத்தனை பேர்? இதுதான் நம் கேள்வி. இன்று நாம் பேசப்போவது அந்தப் பேருந்தைப் பற்றியன்று. ஆயினும் பேச்சு முழுவதும் அந்த ஆசனத்தைச் சுற்றியே வரும்.

எடுத்துக்கொண்ட பொருள் சோலைவரி. அரசாங்கத் தாள்களிலே இது ஆதனவரி எனப்படும். நம்மவர் நாவிலே சோலைவரி. வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து, அதில் இத்தனை வீதம் என்று மாநகர சபை அறவிடுவது. சோலை எங்கே என்று கேட்பீர்கள். சோலை இருக்கின்றது. நகர மண்டபத்துக்கு எதிரே விகாரமகாதேவிப் பூங்கா என்ற பெயரில் மிக அழகாகவே இருக்கின்றது. வரி நம் வாசலில். சோலை அவர்கள் வாசலில். இதில் முறைப்பாட்டுக்கு இடமில்லை. ஆண்டு முழுவதற்கும் உரிய வரியை ஜனவரி முடியுமுன் கட்டுவோர்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவும் உண்டு. எஞ்சிய கழிவு ஒழுங்கை முகப்பிலே உரப்பையிற் கட்டி வைக்கப்பட்டிருக்கும்.

நம்மவர்கள் வரி கட்டுவதிலே வல்லவர்கள். வெள்ளவத்தையிலே ஓய்வு பெற்ற தமிழ் உத்தியோகத்தர் ஒருவரின் பேழையைத் திறந்து பார்த்தால், இருபது ஆண்டுப் பற்றுச்சீட்டுகளும் ஆண்டு வரிசையிலே கட்டப்பட்டிருக்கும். ஆனால் அவருடைய வட்டாரத்து அங்கத்தவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினர் அனைவரின் பெயரையும் சொல்வார். தமிழ்நாட்டு அமைச்சரவையைச் சொல்வார். கனடாவிலே எந்தத் தொகுதியில் எந்தத் தமிழர் போட்டியிட்டார் என்றும் சொல்வார். தம் வீட்டுக்கு முன்னால் உடைந்து கிடக்கும் கான்மூடி யாருடைய பொறுப்பு என்று கேட்டால், "நாங்கள் என்ன, இங்கே நிரந்தரமாகவா இருக்கப்போகிறோம்?" என்பார். வந்து நாற்பது ஆண்டாயிற்று.

அன்பர்களே, நாம் இன்று சொல்லவந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதே. கூரை ஒழுகினால் வாடகைக்கு இருப்பவன் கீழே சட்டியை வைப்பான். வீட்டுக்காரன் ஓட்டை மாற்றுவான். கொழும்பிலே தமிழர் சொந்த வீட்டிலே இருந்துகொண்டு சட்டி வைக்கின்றனர்.

இந்தப் புத்தி காரணமின்றி வந்ததன்று. அதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1958 இல் அடித்தார்கள். 1977 இல் அடித்தார்கள். 1983 ஆடியிலே வெள்ளவத்தையில் எத்தனை வீடுகள் எரிந்தன என்பதை இங்கே இருப்போருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதி விடியற்காலையிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலிருந்த லொட்ஜுகளிலே பொலிசார் புகுந்து, தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கின்றனர் என்று கூறி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் ஒரு நாளிலே செய்ததை நம் மனம் இத்தனை ஆண்டாகியும் செய்யவில்லை. பேருந்து எப்போதும் வெளியே நிற்கிறது என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. அவ்வாறிருப்பவன் கான்மூடியைப் பற்றி ஏன் கவலைப்படுவான்?

ஆனால், நம்மை இந்நகரத்தில் வாடகைக் குடிகள் என்று எண்ணுவோர் எண்ணட்டும். அதை நாமே ஒப்புக்கொண்டு நடப்பது எந்த நியாயம்? இந்த மாநகர சபையின் வரலாற்றைச் சிறிது பாருங்கள். 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் இது பிறந்தது. நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தரே தலைவராயிருந்தார். மக்கள் பிரதிநிதிகளிடமிருந்து மேயர் தெரிவாகும் முறை 1937 இல் வந்தபோது, முதலாவது மேயராக அமர்ந்தவர் இரத்தினசோதி சரவணமுத்து. தமிழர். அவர்தம் பாரியார் நேசம் சரவணமுத்து 1932 இல் கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார்; அச்சபையிலே இடம்பெற்ற முதற் பெண்மணிகளுள் ஒருவர். கொழும்பு வடக்கு என்றால் கொட்டாஞ்சேனைப் பக்கம். இக்காலத்திலே 1996 இல் க. கணேசலிங்கம் மேயராயிருந்தார். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாநகரத்திலே சிங்களவரோ தமிழரோ முஸ்லிம்களோ எவரும் தனித்துப் பாதியைத் தொடவில்லை. எல்லாரும் சிறுபான்மையாயிருக்கும் நகரத்தில் நாம் மட்டும் விருந்தாளி ஆவது எப்படி?

முன்னாளிலே மேயரை நகர பிதா என்போம். 2018 இல் ரோசி சேனநாயக்க முதற் பெண் மேயராக வந்தார். 2025 இல் விராய் கெலி பல்தசார் வந்தார். பிதா மாதாவானார். குழந்தைக்கு மட்டும் இன்னும் காற்சட்டை மாற்றப்படவில்லை. இது ஒரு கட்சியின் குறையன்று. ஒரு மேயரின் குறையுமன்று. அமைப்பே அவ்வாறு பின்னிக் கிடக்கிறது. அதை விளக்க ஒரு மழைத்துளியைத் துணைக்கு அழைப்போம்.

ஐப்பசி மாதத்து மழைத்துளி ஒன்று வெள்ளவத்தையிலே விழுகின்றது. முதலில் ஒரு மாடிவீட்டின் மொட்டைமாடியில் விழும். அம்மாடிவீடு எத்தனை தட்டு எழும்பலாம், எவ்வளவு நிலம் வெளியாக விடவேண்டும் என்று விதி வகுப்பது 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபை. துளி குழாய்வழியே இறங்கி ஒழுங்கைக்கு வரும். ஒழுங்கையும் அதன் கானும் மாநகர சபையினுடையவை. ஒழுங்கையைக் கடந்தால் காலி வீதி; அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஆட்சி. அதையும் கடந்து வெள்ளவத்தைக் கால்வாயை அடைந்தால், அது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. கால்வாய் கடலைச் சேருமுன் இருப்புப்பாதையின் கீழ் நுழையவேண்டும். அங்கே புகையிரதத் திணைக்களம். அப்பாற் கடற்கரை, அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். இத்தனை இராச்சியங்களைக் கடக்கக் கடவுச்சீட்டில்லாத ஏழைத் துளி, போன இடத்திலேயே தங்கிவிடுகின்றது. அவ்வாறு தங்கியதற்கு நாம் வெள்ளம் என்று பெயரிட்டுள்ளோம். தமிழ்க் காதுக்கு வெள்ளவத்தை என்ற பெயரிலேயே அது கேட்கின்றது.

2010 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆந் திகதி இரவு ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தபோது, இந்தத் துளிகள் அனைத்தும் ஒன்றுகூடிக் கோட்டையிலுள்ள நாடாளுமன்றத்தையே சூழ்ந்துகொண்டன. மனு எழுதிக் களைத்த மக்கள் செல்ல முடியாத இடத்துக்கு வெள்ளமாவது சென்றதே என்று சிலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் நாடாளுமன்றம் உலர்ந்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பள்ளத்து வீடுகள் உலர நாளாயின.

கொட்டாஞ்சேனையைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளவத்தைத் தமிழர்க்குக் கொட்டாஞ்சேனை என்பது செட்டியார் தெருவுக்கு நகை வாங்கப் போகும்போது வழியிலே தென்படும் ஊர். கொட்டாஞ்சேனைத் தமிழர்க்கு வெள்ளவத்தை என்பது தொண்டையால் ஆங்கிலம் பேசுகின்றவர் வசிக்கும் ஊர். ஒருவரையொருவர் ஆண்டுக்கொரு முறை ஆடிவேலிலே காண்பர். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் பம்பலப்பிட்டிக்கு வந்து சேரும். முருகன் இணைத்து வைப்பதை மறுநாளே நாம் பிரித்துக்கொள்வோம்.

ஆனால் மாநகர சபை இவ்விரு பகுதியாரையும் ஒரே கண்கொண்டே பார்த்திருக்கின்றது. இந்நகரத்தின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் ஆங்கிலேயர் காலத்திலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போடப்பட்டவை. கறுவாத்தோட்டத்துக் கனவான்களின் கழிவு முதலாக எல்லாம் அவற்றின் வழியே ஓடிக் கடலைச் சேர இரண்டே வாயில்கள் அமைத்தனர். ஒன்று தெற்கே வெள்ளவத்தை. மற்றொன்று வடக்கே, கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரம். மிகப் பல ஆண்டுகளாக அது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே கடலுக்குப் போயிற்று. தலை எங்கே என்பதில் நமக்குள் வழக்கு இருக்கலாம். வால் எங்கே என்பதில் ஐயமேயில்லை. இரு வாலிலும் நாமே இருக்கின்றோம். வடக்குத் தமிழர் என்றும் மலையகத் தமிழர் என்றும், சைவர் என்றும் கத்தோலிக்கர் என்றும் நாம் வகுத்துக்கொண்ட வேற்றுமைகளுள் ஒன்றையேனும் அந்தக் குழாய் அறியாது.

குப்பையின் கதையும் அவ்வாறே. நெடுங்காலம் நகரத்துக் குப்பை கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டல் பக்கத்திலே மலையாகக் கிடந்தது. பின்பு மீதொட்டமுல்லைக்குச் சென்றது. அங்கே ஏழைகளின் வீடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 300 அடி உயரத்துக்கு வளர்ந்தது. அயலவர் முறைப்பட்டனர், ஊர்வலம் போயினர், அடியும் பட்டனர். 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆந் திகதி, தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கொண்டாடும் புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. இந்த இடத்திலே நாம் நகைச்சுவையை நிறுத்திக்கொள்ளுகின்றோம். அந்தக் குப்பையிலே வெள்ளவத்தையின் குப்பையும் இருந்தது. கொட்டாஞ்சேனையின் குப்பையும் இருந்தது. "வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, நமக்கென்ன?" என்று எண்ணிய ஒவ்வொரு வீட்டின் உரப்பையும் அங்கே இருந்தது. மாநகர சபை அரசியல் சின்ன அரசியல் என்று சொல்பவர்கள் அந்த நாளை நினைக்கவேண்டும். பெரிய அரசியல் மனிதரைக் கொல்வதை நாம் கண்டிருக்கின்றோம். சின்ன அரசியலும் கொல்லும்.

அதே 2017 இல் இந்நாட்டிலே ஏறத்தாழ 1,86,000 பேருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நுளம்பு அடையாள அட்டை கேட்பதில்லை. மூடியில்லாத கானும், மாடிவீட்டு மொட்டைமாடியில் தேங்கிய நீரும் அதற்குப் போதும். மொட்டைமாடி யாருடையது? மாடிவீட்டு நிருவாகக் குழுவினுடையது. நிருவாகக் குழுவிலே ஒரு சட்டத்தரணி, ஒரு பொறியியலாளர், ஒரு வைத்தியர், ஒரு கணக்காளர் இருப்பர். தண்ணீர் எவர்க்குச் சொந்தம் என்பது சட்டப்படி தெளிவில்லை என்பார் முதல்வர். கூரையின் சரிவு பிழை என்பார் இரண்டாமவர். கடித்தால் மருந்தில்லை என்பார் மூன்றாமவர். துடைக்க ஆள் வைத்தால் செலவென்ன என்பார் நான்காமவர். கூட்டம் முடியும். நுளம்புகள் தலைவருக்கு நன்றி கூறிக் கலைந்து செல்லும்.

இனித் தேர்தலுக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டிலே நடந்தது இந்நகர வரலாற்றில் ஓர் அரிய காட்சி. ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. பல்லாண்டு இந்நகரத்தை ஆண்ட கட்சிக்கு யானையில்லை. உடனே மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்களியுங்கள் என்று கட்சி கேட்டது. மக்களும் அளித்தனர். கண்ணாடிக் குழு வென்றது. முச்சக்கர வண்டி ஓட்டிய ஊவைஸ் மொகமட் இம்தியாஸ் மேயரானார். பட்டணத்துக் கனவான்கள் பலர் முகஞ் சுளித்தனர். நாம் சுளிக்கவில்லை. நகரத்துக் குழிகள் ஒவ்வொன்றையும் இடுப்பெலும்பினால் அறிந்த ஒருவர் மேயராவதிலே குறை என்ன? குறை வேறிடத்தில் இருந்தது. யார் நிற்கின்றார், எந்த ஒழுங்கைக்கு என்ன செய்வார் என்று பாராமல் யானை என்றால் யானை, கண்ணாடி என்றால் கண்ணாடி என்று குத்தியதே குறை. கண்ணாடிக்கு வாக்களித்தோம், போட்டுப் பார்க்கவில்லை. பின்னர் ஏணியும் வந்தது, திசைகாட்டியும் வந்தது. சின்னங்கள் எல்லாம் நல்லனவே. ஏணி ஏறுவதற்கும் திசைகாட்டி வழி காட்டுவதற்கும் உரியன. கான் துப்புரவு செய்யும் மண்வெட்டியை மட்டும் எந்தக் கட்சியும் நம்மிடம் கொண்டுவந்து காட்டவில்லை.

அக்காலத்துச் சபையிலே அங்கத்தவர் 53 பேர். 2018 இலே புதிய முறைப்படி 119 பேராயினர். அங்கத்தவர் இருமடங்குக்கு மேலாயினர். நுளம்பும் தானே பின்தங்கிவிடக்கூடாதென்று பெருகிற்று. ஆனால் அப்புதிய முறையிலே ஒரு நன்மை உண்டு. நெடுங்காலம் விகிதாசாரப் பட்டியலிலே எல்லார்க்கும் பொதுவாயிருந்த அங்கத்தவர், அதாவது எவர்க்கும் உரியரல்லாதிருந்த அங்கத்தவர், மீண்டும் வட்டாரத்துக்கு ஒருவராக வந்தார். இன்ன ஒழுங்கைக்கு இன்னார் பொறுப்பு என்று விரல் நீட்டிக் காட்ட முடிகின்றது. விரல் நம்மிடமே உள்ளது, நீட்டுவதற்குத்தான் பஞ்சி.

அச்சபையின் காலம் 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே முடிந்தது. தேர்தல் நடத்தப் பணமில்லை என்றனர். பணமில்லாமையால் மக்களாட்சி ஒத்திவைக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு ஓகத்து 22 ஆந் திகதி, அவ்வாறு தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6 இல். இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேலான காலம், இம்மாநகரத்துக்கு மக்கள் தெரிந்தெடுத்த சபை இருக்கவில்லை. உத்தியோகத்தர் ஆட்சியே நடந்தது. சோலைவரி மட்டும் ஒத்திவைக்கப்படவில்லை.

அந்த இரண்டாண்டிலே, "எங்கள் சபை எங்கே?" என்று வெள்ளவத்தையிலே எத்தனை பேர் கேட்டனர்? கொட்டாஞ்சேனையிலே எத்தனை பேர் கேட்டனர்? இல்லாதபோதும் இல்லையென்று தெரியாத சபை, இருக்கும்போது இருந்து என்ன பயன்? இப்படிச் சொல்லிச் சபையை இழிப்பது நம் நோக்கமன்று. ஒரு பொருள் தொலைந்ததை உடையவன் உடனே அறிவான், வாடகைக்காரன் அறியான். அதையே சுட்டுகின்றோம்.

பின்பு மேயர் தெரிவு நடந்தது. 2025 ஜூன் 16 இல் சபையின் 117 அங்கத்தவரும் கூடினர். தேசிய மக்கள் சக்திக்கு 48 ஆசனம், பாதிக்குக் குறைவு. சிறு கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வாயெல்லாம் பல்லாக நின்றன. இரகசிய வாக்கெடுப்பு என்றனர். திரை விலகியபோது 61 க்கு 54. வென்றவர் வாழ்க, அவர்மீது நமக்கு வழக்கில்லை. ஆனால் ஒன்று கேட்போம். நாம் இரகசியமாக வாக்களிப்பது நம்மை எவரும் பயமுறுத்தாதிருத்தற்பொருட்டு. நம் பிரதிநிதி இரகசியமாக வாக்களிப்பது யாருக்குப் பயந்து? நமக்குத்தான். தன்னை அனுப்பியவர் கண்டுகொள்வாரோ என்று அஞ்சும் பிரதிநிதியை அனுப்பிவிட்டு, வீட்டுக்காரர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாமா?

நோயைச் சொன்னோம். மருந்தைச் சொல்லாமற் போனால் இதுவும் ஒரு நிருவாகக் குழுக் கூட்டமாகிவிடும். மருந்தை இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரரிடமே கேட்போம். இரணைமடுவின் கீழே வயல் செய்கின்றவர் மழை வந்த பின்னரா வாய்க்காலை நினைக்கின்றார்? விதைப்புக்கு முன்னரே பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். எந்நாளிலே தண்ணீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பது, எந்நாளுக்கு முன் அவரவர் பங்கு வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்குவது என்று எல்லாரும் இருந்து தீர்மானிப்பர். கிழக்கிலே வட்டவிதானை என்பவர் அதைக் கண்காணிப்பவர். பங்கு செய்யாதவன்மேல் நடவடிக்கை உண்டு. மேலே உள்ளவன் வாய்க்காலை அடைத்தால் கீழே உள்ளவன் வயல் காயும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பட்டம் பெறாத அந்தக் கமக்காரரின் மகன் பட்டம் பெற்று வெள்ளவத்தைக்கு வந்ததும் இந்த அறிவு எங்கே போயிற்று? தகப்பனார் ஆவணியிலே வாய்க்கால் வெட்டுகின்றார். மகனார் கார்த்திகையிலே மனு எழுதுகின்றார். தகப்பனாருக்கு வயல் இருக்கின்றது. மகனாருக்குப் பற்றுச்சீட்டு இருக்கின்றது.

ஆதலின் நாம் வேண்டுவன மிகச் சில. ஒவ்வோர் ஒழுங்கையும் மாரிக்கு முன்னர் ஒரு மாலை கூடவேண்டும். வட்டாரத்து அங்கத்தவரை அழைக்கவேண்டும். எந்தக் கட்சியாரென்று பாராமல் அழைக்கவேண்டும். எந்தக் கான், எந்த மூடி, எந்தத் திகதி என்று ஒரு தாளில் எழுதி அவர் கையிலே கொடுக்கவேண்டும். "மேன்மை தங்கிய" என்று தொடங்கி மூன்று பக்கம் வரலாறு எழுதி, நாலாம் பக்கத்தின் அடியிலே கானைக் குறிப்பிடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும்.

அத்தாளைத் தமிழிலேயே எழுதவேண்டும். எந்த உத்தியோகத்தரோடும் தமிழிலே தொடர்புகொண்டு மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை தந்துள்ளது. உள்ளூராட்சி சபை அங்கத்தவர் தம் கடமையைத் தமிழிலே ஆற்றலாமென 20 ஆவது உறுப்புரை கூறுகின்றது. தமிழில் எழுதினால் தாமதமாகும் என்று நம்மவரே ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதினால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் தேவையென்று எவர் உணர்வார்? பாவிக்காத உரிமை பாவிக்காத கிணறு. தூர்ந்துபோன பின் தண்ணீர் இல்லையென்று அழுவதிற் பயனில்லை.

மறுமொழி வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. நம் ஒழுங்கைக்கென எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது, எப்போது முடியும் என்று கேட்கலாம். ஏன் கேட்கின்றாய் என்று அவர்கள் நம்மைக் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். சட்டத்தரணிகள் நிறைந்த வெள்ளவத்தையிலே இச்சட்டம் வேலையற்றிருப்பது வெட்கக்கேடன்றோ? வெள்ளவத்தைச் சட்டத்தரணி ஒருவர் மாதத்தில் ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்குச் சென்று, ஜம்பட்டா வீதிப் பக்கத்து ஏழை ஒருவருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால், ஆடிவேலுக்கு வெளியேயும் நாம் ஒருவரையொருவர் கண்டதாகும்.

கடைசியாக, இதைத் தமிழர் மட்டும் செய்யக் கூடாது. அடுத்த கதவிலே சிங்களவர் இருக்கின்றார். எதிர்க் கதவிலே முஸ்லிம் அன்பர் இருக்கின்றார். அவர்கள் வீட்டிலும் அதே நுளம்பு, அதே உரப்பை. தமிழருடைய உரிமைப் போராட்டத்தை இதனால் குறைத்துவிடுகின்றோமோ என்று சிலர் ஐயுறுவர். குறையாது. ஒழுங்கையிலே தன் உரிமையைக் கேட்கப் பழகாதவன் நாட்டிலே கேட்கும்போது அவன் குரல் மேடையிலே மட்டும் உரத்து ஒலிக்கும், அலுவலகத்திலே அடங்கிவிடும். நாம் பார்த்திருக்கின்றோம்.

கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 க்கும் 1912 க்கும் இடையிலே முழுவதும் கருங்கல்லாலே எடுப்பித்தார். நூறாண்டைக் கடந்தும் ஒரு கல் அசையவில்லை. வாடகைக் குடியின் மனம் படைத்தவர் கருங்கல்லிலே கட்டமாட்டார். இந்நகரம் நம்முடையதென்று அவர் எவரிடமும் அனுமதி கேட்டு அறிந்துகொள்ளவில்லை. நாம் கேட்பது கருங்கற் கோயிலன்று. ஒரு கான்மூடி. ஒரு மாரி தாங்கும் தார். பிழையில்லாத ஒரு தமிழ்ப் பலகை. சோலைவரி கட்டுவோர்க்கு இவை பிச்சையல்ல. விலை கொடுத்து வாங்கிய பொருள்.

இவ்வாண்டு மாரிக்கு முன் உங்கள் ஒழுங்கையைக் கூட்டுங்கள். தலைவர் யார் என்ற வழக்கை மட்டும் முதற்கூட்டத்திலே எடுக்கவேண்டாம். அதை எடுத்தால் அடுத்த மாரியும் வந்துவிடும்.